ஹெச். பைலோரியில மாஸ்டர் ஜீனே இல்லையாமே, அப்ப ஃப்ளாஜெல்லா ஜீன்களை யார் ஆன் பண்றது?

மைக்ரோ_கயல்

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி மைக்ரோபயாலஜி ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். அடுத்த வாரம் செமினார், வயித்துல தொத்திக்கற ஹெலிகோபேக்டர் பைலோரிங்கற பாக்டீரியாவோட மொட்டிலிட்டி ஜீன்கள்தான் டாபிக் (அது நீந்தறதுக்கு வெச்சிருக்கற ஃப்ளாஜெல்லாங்கற வால் மாதிரி இழைகளைக் கட்டற, ஓட்டற ஜீன்கள்), நானே கேட்டு வாங்கினது. ரிவ்யூ பேப்பர்லாம் படிச்சிட்டேன், ஆனா படிக்கப் படிக்க சந்தேகம்தான் ஜாஸ்தியாகுது, அதான் இங்க கேக்கறேன்.

ஈ.கோலையிலயும் சால்மொனெல்லாவுலயும் எஃப்எல்ஹெச்-டிசின்னு ஒரு மாஸ்டர் ரெகுலேட்டர் மேல இருக்கும், அது ஆன் ஆனா கீழ இருக்கறதெல்லாம் ஒண்ணொண்ணா ஆன் ஆகும், யூ.ஜி-ல இருந்து இதைத்தான் படிச்சிட்டு வர்றோம். பைலோரியில அது கிடையவே கிடையாது. சரி, ஜீன்களாவது ஒரே இடத்துல கொத்தா இருக்கான்னு பாத்தா அதுவும் இல்ல, 40-க்கு மேல ஜீன் குரோமோசோம் முழுக்க சிதறிக் கிடக்கு. மேல உத்தரவு போட ஆள் இல்ல, பக்கத்து பக்கத்துலயும் இல்ல, அப்புறம் எது முதல்ல எது பின்னாலன்னு அந்த செல்லுக்கு எப்படித்தான் தெரியுது?

அதே மாதிரி ஃப்ளாஜெல்லின் (இழையைக் கட்டற புரோட்டீன்) ரெண்டு எதுக்கு? ஃப்ளா-ஏ, ஃப்ளா-பி ரெண்டையும் வேற வேற சிக்மா ஃபேக்டர் (எந்த ஜீனைப் படிக்கணும்னு பாலிமரேஸ் என்சைமுக்குக் காட்டற புரோட்டீன்) கன்ட்ரோல் பண்ணுதுன்னு போட்டிருக்கு. ஒரே இழையில இருக்கற ரெண்டு புரோட்டீனுக்கு ஏன் ரெண்டு தனி கன்ட்ரோல்?

கடைசியா எங்க கைடு கேட்டது (யூரியேஸ்னா யூரியாவை உடைச்சு அமோனியா விடற என்சைம்). "யூரியேஸ் இருக்கு, அமோனியா விட்டு ஆசிடை சமாளிச்சிடுது, அப்படியே ஒரு இடத்துல உக்காந்துக்க வேண்டியதுதானே, எதுக்கு நீந்தணும்?" இதுக்கு எனக்கு சட்டுன்னு பதில் வரல. தெரிஞ்ச அக்கா அண்ணாக்கள் கொஞ்சம் விளக்கமாவே சொல்லுங்க, நீளமா இருந்தாலும் பரவால்ல.

பெட்ரி_தட்டு

கயல், நல்ல கேள்விம்மா, குறிப்பா முதல் கேள்வி. என் பிஹெச்டி இந்தக் குடும்பத்து பாக்டீரியாவுலதான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படி.

மாஸ்டர் இல்லைங்கறது உண்மைதான். அதுக்காக யாரும் கன்ட்ரோல் பண்ணலன்னு இல்ல. பைலோரிகிட்ட மொத்தமே மூணு சிக்மா ஃபேக்டர்தான் இருக்கு. வீட்டு வேலை பூரா பாக்கற சிக்மா 80, அப்புறம் சிக்மா 54 (ஆர்பிஓஎன்), சிக்மா 28 (ஃப்ளி-ஏ). பின்னாடி சொன்ன ரெண்டுக்கும் இந்த பாக்டீரியாவுல முக்கியமான வேலையே ஃப்ளாஜெல்லாதான். இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாரு. ஜீனோமே 16 லட்சத்து சொச்சம் பேஸ்தான், ஜீன் 1,500-1,600 தேறும், ரெகுலேட்டர் புரோட்டீன்களை எல்லாம் உதறித் தள்ளிட்ட ஒரு பாக்டீரியா, ஆனா நீந்தறதுக்கு மட்டும் ரெண்டு சிக்மாவை பத்திரமா வெச்சிருக்கு.

இப்ப வரிசைக்கு வருவோம். முதல் வகுப்பு ஜீன்களை சிக்மா 80 படிக்குது, அதுக்குன்னு தனியா ஆன் பண்ண ஆள் தேவையில்ல. செல் மெம்பரேன்ல உக்காந்து ஃப்ளாஜெல்லா பாகங்களை வெளிய அனுப்பற ஏற்றுமதி வாசலோட பாகங்கள் (எஃப்எல்ஹெச்-ஏ மாதிரி), அப்புறம் அடுத்த கட்டத்தை ஆரம்பிச்சு வைக்கப்போற எஃப்எல்ஜி-எஸ், எஃப்எல்ஜி-ஆர், ஆர்பிஓஎன் இதெல்லாம் அதுல வரும். ரெண்டாவது வகுப்பை சிக்மா 54 படிக்கும், ஹுக் (மோட்டாரையும் இழையையும் இணைக்கற கொக்கி) புரோட்டீன் எஃப்எல்ஜி-ஈ, ஹுக் நீளத்தை அளக்கற ஃப்ளி-கே, உன்னோட ஃப்ளா-பி எல்லாம் அங்க. மூணாவது சிக்மா 28, அதுல முக்கியமானது ஃப்ளா-ஏ. நடுவுல ரெண்டு சிக்மாவும் படிக்கற சில ஜீன்களும் இருக்கு, செமினார்ல யாராவது கேப்பாங்க, ஞாபகம் வெச்சுக்கோ. இந்த முழு வரிசையையும் ஜீனோம் அளவுல மைக்ரோஅரே வெச்சு 2004-ல போட்டாங்க, நீ பாக்கற எல்லா ரிவ்யூ படமும் அதுல இருந்து வந்ததுதான்.

உன் கேள்விக்கு நேர் பதில் இங்கதான் இருக்கு. ஒரு வகுப்புல இருந்து அடுத்த வகுப்புக்குப் போக அனுமதி குடுக்கறது ஒரு தனி மாஸ்டர் புரோட்டீன் இல்ல, அதுவரைக்கும் கட்டி முடிச்ச அந்த மெஷினேதான். வீடு கட்டறப்ப அஸ்திவாரம் முடிஞ்சதை கண்ணால பாத்துட்டுத்தான் மேஸ்திரி செங்கல்லுக்கு ஆர்டர் சொல்லுவாரில்ல, அதுதான். எஃப்எல்ஹெச்-ஏ ஜீனை எடுத்துட்டு பாத்தா, அது வெறும் வாசலோட ஒரு பாகம்தான், ரெகுலேட்டரே கிடையாது, ஆனாலும் ரெண்டாவது மூணாவது வகுப்பு ஜீன்கள் எல்லாம் படுத்துடுது. வாசல் சரியா உக்காந்துச்சா இல்லையாங்கற செய்தி எஃப்எல்ஜி-எஸ்ங்கற கைனேஸுக்குப் போகணும், அது எஃப்எல்ஜி-ஆர் மேல பாஸ்ஃபேட்டை ஏத்தணும், அது சிக்மா 54-ஐ கிளப்பணும்.

எஃப்எல்ஜி-ஆர் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், எனக்கு ரொம்பப் பிடிச்ச புரோட்டீன். சிக்மா 54-ஐ கிளப்பற புரோட்டீன்கள் வழக்கமா ப்ரொமோட்டருக்கு (ஜீனைப் படிக்க ஆரம்பிக்கற இடம்) ரொம்ப மேல டிஎன்ஏ-ல ஒரு இடத்துல ஒட்டிக்கிட்டு, டிஎன்ஏ வளைஞ்சு வந்து பாலிமரேஸைத் தொடும். பைலோரியோட எஃப்எல்ஜி-ஆர்ல டிஎன்ஏ-ல ஒட்டற பகுதியே கிடையாது! ஒட்டாமலே நேரா வந்து வேலை பாக்குது. இதை 2004-ல காட்டினாங்க. டிஎன்ஏ-ல இடம் பிடிக்கத் தேவையில்லாததால, ஜீன் எங்க சிதறிக் கிடந்தாலும் சரி, சிக்மா 54 ப்ரொமோட்டர் மட்டும் முன்னாடி இருந்தாப் போதும், வேலை நடந்துடும். சிதறிக் கிடக்கறது ஏன் பிரச்சினையா இல்லங்கறதுக்கு இது பெரிய காரணம்னு நான் நினைக்கிறேன்.

ரெண்டாவதுல இருந்து மூணாவதுக்குப் போறப்ப பூட்டு வேற. எஃப்எல்ஜி-எம்னு ஒரு ஆன்டி-சிக்மா, சிக்மா 28-ஐ புடிச்சு வெச்சிருக்கும். சால்மொனெல்லாவுல ஹுக் முடிஞ்சதும் எஃப்எல்ஜி-எம்-ஐ அதே வாசல் வழியா வெளிய தள்ளிடும், சிக்மா 28 ஃப்ரீ ஆயிடும், புக்ல போட்டிருக்கற அழகான கதை. பைலோரியில அப்படியே சொல்லிடாதே. இங்க எஃப்எல்ஜி-எம் பெரும்பாலும் செல்லுக்குள்ளயே தங்கிடுது, வெளிய போறது ரொம்பக் கம்மி, அது எஃப்எல்ஹெச்-ஏ-வோட உள்பக்கத்து வால்பகுதியோட ஒட்டுது. அதாவது இங்கயும் மெஷின்தான் பூட்டைத் திறக்குது, ஆனா உள்ளுக்குள்ளேயே வெச்சு. செமினார்ல நிறைய பேர் சால்மொனெல்லா படத்தை அப்படியே எடுத்து பைலோரின்னு பேர் போட்டுடறாங்க, அது தப்பு, நீ செய்யாதே.

ஃப்ளா-ஏ ஃப்ளா-பி கேள்வி இப்ப தானாவே புரிஞ்சிருக்கும். ஃப்ளா-பி ஹுக்கோட சேர்ந்து ரெண்டாவது வகுப்புல வருது, அதனால இழையோட அடிப்பக்கம், ஹுக்கை ஒட்டி அது இருக்கும். ஃப்ளா-ஏ அதுக்கப்புறம் வருது, மீதி நீளம் பூரா அதுதான். இழைக்குள்ள எது எங்க உக்காரணும்ங்கறதை ஜீன் ஆன் ஆகற வரிசையே முடிவு பண்ணிடுது. ஃப்ளா-ஏ இல்லாட்டி குட்டையா ஒரு துண்டுதான் வரும், நீச்சல் ரொம்பக் கம்மி. ஃப்ளா-பி இல்லாட்டி இழை பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா நீச்சல் குறையும். ஆனா கிருமியே இல்லாம வளர்த்த பன்னிக்குட்டிங்களுக்குக் குடுத்துப் பாத்தப்ப (1996 பேப்பர்) ரெண்டுல எது இல்லாட்டியும் நிலைச்சு தங்க முடியல. தட்டுல சின்னக் குறையாத் தெரிஞ்சது வயித்துக்குள்ள பெரிய குறை.

இன்னும் ஒரு பேர் குறிச்சுக்கோ, ஹெச்பி0958. இது சிக்மா 54 புரோட்டீன் சிதைஞ்சு போகாம காப்பாத்துது, அது போக ஃப்ளா-ஏ-வோட எம்ஆர்என்ஏ-லயும் ஒட்டி அதை கன்ட்ரோல் பண்ணுது. ரெண்டாவது வகுப்புக்கும் மூணாவது வகுப்புக்கும் நடுவுல ஒரு கை.

மூணாவது கேள்விக்கு டாக்டர் யாராவது வந்தா நல்லா சொல்லுவாங்க.

இரைப்பை_மருத்துவர்

வந்துட்டேன். பெட்ரி மேடம் எழுதினதை நானே சேவ் பண்ணி வெச்சுக்கிட்டேன்.

கைடு கேட்டதுக்கு என் பக்கத்துல இருந்து. நாம "வயித்துல வாழுது"ன்னு சொல்றோம், ஆனா பைலோரி சாப்பாடு கிடக்கற அந்த ஆசிட் குளத்துல வாழறதில்ல. வயித்துச் சுவர் மேல சில நூறு மைக்ரோமீட்டர் தடிமனுக்கு சளிப்படலம் இருக்கு. அதோட மேல்பக்கம் ஆசிட், அடிப்பக்கம் செல்களை ஒட்டின இடம் கிட்டத்தட்ட நியூட்ரல், ஏன்னா செல்களே பைகார்பனேட் விட்டுக்கிட்டு இருக்கு. பைலோரி பெரும்பாலும் செல்லுக்கு 25 மைக்ரோமீட்டருக்குள்ளதான் இருக்கும். யூரியேஸ் ஆசிட்ல சாகாம தாங்கறதுக்கு. அதை வெச்சுக்கிட்டு அங்கேயே குடித்தனம் நடத்த முடியாது.

இன்னொண்ணு, அந்த சளி ஒரே இடத்துல நிக்கற பொருள் இல்ல. அடியில புதுசா சுரந்துக்கிட்டே இருக்கும், மேல இருக்கறது கழண்டு உணவோட போயிடும். நீந்தாத பாக்டீரியா சும்மா இருந்தாலே மெதுவா மேல தள்ளப்பட்டு வெளிய போயிடும். அதனால நீச்சல் உள்ள நுழையறதுக்கு மட்டும் இல்ல, அங்க இருக்கறதுக்கே தினமும் வேணும். இதை உங்க கைடுகிட்ட சொல்லுங்க, ஒத்துக்குவார்.

டைமும் கம்மி. மங்கோலிய ஜெர்பில்ல பண்ணின ஆய்வுல, ஆசிடும் பெப்சினும் இருக்கற வயித்தோட உள்வெளியில (சாப்பாடு கிடக்கற இடம்) விட்டா சில நிமிஷத்துலயே பாக்டீரியா நீந்தறதை நிறுத்திடுது. அதுக்குள்ள சளிக்குள்ள போகணும். அதே குழுவோட 2004 பேப்பர் இன்னும் நல்லா இருக்கும், சளிக்குள்ள இருக்கற பிஹெச் சரிவை குலைச்சுட்டு பாத்தாங்க, பாக்டீரியா திசை தெரியாம சளி முழுக்க சிதறிப்போச்சு. அப்ப அதுக்கு வழிகாட்டியே அந்த பிஹெச் வித்தியாசம்தான்.

க்ளினிக்ல இதை நாங்க வேற விதமா பாக்கறோம். ஆசிட் குறைக்கற பிபிஐ மாத்திரை (பான்டோப்ரசோல் வகை) நாள்பட்டு சாப்பிடறவங்களுக்கு பயாப்சி எடுத்தா, வழக்கமா ஆன்ட்ரம்ல (வயித்தோட கீழ்ப்பகுதி) அதிகமா இருக்கற பைலோரி மேல கார்பஸ் (வயித்தோட நடுப்பகுதி) பக்கம் போயிருக்கும், ஆன்ட்ரம்ல மட்டும் எடுத்தா நெகட்டிவ்னு தப்பா வரலாம். அதனாலதான் ப்ரெத் டெஸ்ட், பயாப்சிக்கு முன்னாடி ரெண்டு வாரம் பிபிஐ நிறுத்தச் சொல்றோம். இதைப் படிக்கற யாராவது டெஸ்டுக்குப் போறதா இருந்தா உங்க டாக்டரைக் கேட்டுட்டு நிறுத்துங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

திருகு_வேகம்

இவ்வளவு சுத்தி வளைக்கணுமா? பைலோரியோட உடம்பே ஸ்பைரல், அது கார்க் ஸ்க்ரூ மாதிரி சுத்திக்கிட்டே சளியைத் துளைச்சுக்கிட்டு உள்ள போயிடும், அதுக்குத்தான் அந்த வடிவம். பத்தாவது புக்ல இருந்து இதைத்தான் படிச்சிருக்கோம். பாப்பா இதைச் சொன்னாப் போதும்.

பெட்ரி_தட்டு

திருகு_வேகம் சார், நிறைய புத்தகத்துல அப்படித்தான் இருக்கு, ஆனா அதை அப்படியே கயல் சொன்னா கேள்வி நேரத்துல மாட்டிக்குவா.

சளியோட மியூசின் ஆசிட்ல கெட்டி ஜெல்லா இருக்கும், பிஹெச் 4-க்கு மேல போனா இளகி ஓடும். 2009-ல ஒரு குழு இதை நேரா பாத்தாங்க. ஆசிட் ஜெல்லுக்குள்ள பாக்டீரியாவை வெச்சா அது அப்படியே சிக்கிக்குது, ஃப்ளாஜெல்லா சுத்திக்கிட்டேதான் இருக்கு ஆனா உடம்பு நகரல. யூரியா குடுத்தாங்க, யூரியேஸ் வேலை பாத்து சுத்துப்பக்கத்துல பிஹெச் ஏறுச்சு, ஜெல் இளகுச்சு, அப்புறம் நீந்தி போச்சு. அப்ப துளைக்கறது இல்ல, வழியை இளக்கிட்டு அதுல நீந்தறது. கயல், உன் கைடு யூரியேஸையும் நீச்சலையும் எதிரெதிரா வெச்சுக் கேட்டார் இல்லையா, உண்மையில ஒண்ணு இல்லாட்டி இன்னொண்ணு அங்க நடக்காது. செமினார்ல இந்தப் பேப்பரை கண்டிப்பா காட்டு.

வடிவமும் சும்மா இல்ல, அதையும் சொல்லிடறேன். 2010-ல வடிவத்தைக் குடுக்கற சிஎஸ்டி, சிசிஎம்-ஏ ஜீன்களை எடுத்து, திருகு இல்லாம வெறும் வளைஞ்ச குச்சி வடிவ பைலோரி செஞ்சாங்க, அதுங்க எலி வயித்துல ஸ்பைரல் வடிவத்தோட போட்டி போட முடியாம தோத்துச்சு. ஆனா அப்புறம் ஒவ்வொரு செல்லா அளந்து பாத்தப்ப ஸ்பைரல் வடிவத்தால வேகத்துக்குக் கிடைக்கற லாபம் சின்னதுதான், உந்துதல்ல பெரும்பகுதி ஃப்ளாஜெல்லாவுல இருந்துதான் வருது.

அந்த மோட்டாரும் தனி ரகம். ஈ.கோலை மோட்டாரைச் சுத்தி 11 ஸ்டேட்டர் யூனிட் (மோட்டாரைத் தள்ளிச் சுத்த வைக்கற பாகம்) இருக்கும், பைலோரியில 18. வளையமும் பெருசு. ஸ்டேட்டர் ஜாஸ்தின்னா திருகுவிசை ஜாஸ்தி, கெட்டியான திரவத்துல நீந்த அதுதான் வேணும். க்ரையோ-எலக்ட்ரான் டோமோகிராஃபி படம் இருக்கு, ஸ்லைட்ல போடு, பாக்கறவங்க வாயடைச்சுப் போவாங்க.

மைக்ரோ_கயல்

அக்கா, டாக்டர் சார், ரொம்ப ரொம்ப நன்றி. யூரியேஸ் விஷயம் எனக்கு இப்பத்தான் முழுசாப் புரியுது.

இன்னும் ரெண்டு கேட்டுக்கறேன். திசையை எப்படி அறியுதுன்னு கீமோடாக்ஸிஸ் ஜீன்கள் பத்தி யாரும் சொல்லலையே, ஈ.கோலை மாதிரியே செ-ஏ செ-ஒய் தானா? அடுத்தது, 1997-ல வந்த, 26695-ங்கற பைலோரி ஸ்ட்ரெயினோட ஜீனோமை டேட்டாபேஸ்ல திறந்து பாத்தேன், ஃப்ளி-பி ஜீன் ரெண்டு துண்டா, ரெண்டு தனி நம்பரோட இருக்கு (ஹெச்பி0684, ஹெச்பி0685). ஃப்ளி-பி ஏற்றுமதி வாசல்ல இருக்கற பாகமாச்சே, அது உடைஞ்சா ஃப்ளாஜெல்லாவே வராதே, அப்ப அந்த ஸ்ட்ரெயின் நீந்தாதா? சீக்வென்ஸிங் தப்பா?

கணினி_உயிரி

ஃப்ளி-பி கேள்விக்கு நான் வர்றேன், என் வேலையே இந்த மாதிரி உடைஞ்ச ஜீன்களைத் தேடறதுதான்.

அது சீக்வென்ஸிங் தப்பு இல்லம்மா. ஃப்ளி-பி ஜீனுக்குள்ள சி சி சி சின்னு ஒரே எழுத்து தொடர்ந்து வர்ற ஒரு இடம் இருக்கு. செல் டிஎன்ஏ-வை காப்பி எடுக்கறப்ப இந்த மாதிரி இடத்துல பாலிமரேஸ் வழுக்கும், ஒரு சி கூடிப்போகும் இல்ல குறைஞ்சுபோகும். மூணு மூணா படிக்கற கோட்ல ஒண்ணு கூடினாலே ஃப்ரேம் மாறி சீக்கிரமே ஸ்டாப் கோடான் வந்துடும், புரோட்டீன் பாதியில முடிஞ்சிரும், கம்ப்யூட்டர் அதை ரெண்டு ஜீன்னு நினைச்சு ரெண்டு நம்பர் குடுத்துடும். திரும்பவும் ஒரு தடவை வழுக்கினா பழையபடி ஜீன் சரியாகி நீந்த ஆரம்பிச்சிடும். ஆன், ஆஃப், மறுபடி ஆன். இதை 2000-ல சோதனை செஞ்சு காட்டிட்டாங்க, ஒரே ஸ்ட்ரெயின்லயே நீந்தற செல்லும் நீந்தாத செல்லும் இருக்கும், ரெண்டுக்கும் வித்தியாசம் அந்த சி எண்ணிக்கைதான்.

இப்ப யோசிச்சுப் பாருங்க, பெட்ரி மேடம் சொன்ன அந்த அடுக்கு அடுக்கான கன்ட்ரோல் எல்லாம் செல்லுக்குள்ள நிமிஷத்துக்கு நிமிஷம் நடக்கறது. இந்த வழுக்கல் அதுக்கு வெளிய, தலைமுறை கணக்குல நடக்கறது. லட்சக்கணக்கான செல்லுல எப்பவும் கொஞ்சம் பேர் ஆஃப்ல இருப்பாங்க. தட்டுல வளர்த்தா நீந்தறதால எந்த லாபமும் இல்ல, புரோட்டீன் செலவு மிச்சம், அதனால ஆஃப் ஆனவங்க மெல்ல கூடிடுவாங்க. வயித்துக்குள்ள போனா நேர் எதிர், நீந்தாதவன் கழண்டு போயிடுவான். அதனால லேப்ல ரொம்ப நாள் மறுபடி மறுபடி வளர்த்த ஸ்ட்ரெயினை வெச்சு "இந்த ஜீனை எடுத்தேன் நீந்தல"ன்னு யாராவது சொன்னா நான் முதல்ல கேக்கறது, ஃப்ளி-பி-யை சீக்வென்ஸ் பண்ணீங்களாங்கறதுதான்.

பெட்ரி_தட்டு

கணினி_உயிரி சொன்ன அந்தக் கடைசி வரியை நோட்ல பெருசா எழுதி வெச்சுக்கோ கயல்.

கீமோடாக்ஸிஸுக்கு வர்றேன். செ-ஏ, செ-டபிள்யூ, செ-ஒய் எல்லாம் இருக்கு, செ-ஒய் மேல பாஸ்ஃபேட் ஏறி மோட்டாரைத் தொட்டா சுத்தற திசை மாறும், இதெல்லாம் ஈ.கோலை மாதிரிதான். ஆனா ஃப்ளாஜெல்லா எல்லாம் ஒரே முனையில இருக்கறதால ஈ.கோலை மாதிரி தடுமாறி உருளாது, திசை மாறினா வந்த வழியே பின்னால போகும். அப்புறம் ஈ.கோலையில இருக்கற செ-ஆர், செ-பி ரெண்டும் இங்க இல்ல. அதுக்குப் பதிலா செ-வி மட்டும் மூணு வெச்சிருக்கு.

ரிசெப்டர் நாலு, டிஎல்பி ஏ, பி, சி, டி. இதுல டிஎல்பி-பி ஆசிடை விட்டு விலகிப் போக உதவுது, யூரியாவையும் உணருது. யூரியா வயித்து செல்கள்ல இருந்து கசிஞ்சு வர்றதுதானே, அதை நோக்கிப் போனா செல் பக்கம் போயிடலாம். இதுல பிரமாதம் என்னன்னா தன்னைச் சுத்தி இருக்கற யூரியாவை தன் யூரியேஸே உடைச்சுக்கிட்டே இருக்கறதால, சுத்துப்பக்கம் எப்பவும் யூரியா கம்மியா இருக்கும், அதனால துளியூண்டு யூரியா புதுசா வந்தாலும் தெரிஞ்சிடும். 2015-ல வந்தது. மறுபடியும் பாரு, யூரியேஸ் மூணாவது வேலை பாக்குது. டிஎல்பி-ஏ ஆர்ஜினைன், பைகார்பனேட் பக்கம் இழுக்கும், டிஎல்பி-டி மட்டும் மெம்பரேன்ல இல்லாம செல்லுக்குள்ள இருக்கும்.

முதல் பதில்ல விட்ட ஒண்ணு இங்கதான் பொருந்தும். எஃப்எல்ஜி-எஸ் வெறும் ஃப்ளாஜெல்லா கைனேஸ் இல்ல, ஆசிட் குறையறதுக்கும் கூடறதுக்கும் ஏத்த மாதிரி மாறற ஜீன் கூட்டம் ஒண்ணு அதுக்குக் கீழ இருக்குன்னு 2009-ல காட்டினாங்க. மெஷின் கட்டறதை மேற்பார்வை பாக்கற அதே புரோட்டீன் ஆசிடுக்கும் பதில் சொல்லுது. உன்னோட தலைப்புக் கேள்விக்கு இதையும் சேர்த்துக்கோ, யார் ஆன் பண்றதுன்னா மெஷினும் வயிறும் சேர்ந்து.

நோய்_எதிர்ப்பு

எல்லாரும் பாக்டீரியா பக்கமே பேசறீங்க, உடம்பு பக்கமும் கொஞ்சம் பேசணும். நம்ம செல்கள்ல டிஎல்ஆர்5-ன்னு ஒரு ரிசெப்டர் இருக்கு, அதோட வேலையே ஃப்ளாஜெல்லினைக் கண்டுபிடிச்சு சத்தம் போடறதுதான். சால்மொனெல்லா ஃப்ளாஜெல்லின் துளி பட்டாலே அழற்சி ஆரம்பிச்சிடும். பைலோரி ஃப்ளாஜெல்லின்ல டிஎல்ஆர்5 பிடிக்கற அந்தப் பகுதியோட அமினோ ஆசிட்களே மாறி இருக்கு, அதனால ரிசெப்டர் கண்டுக்கறதே இல்ல. மாறினதால இழை உடைஞ்சு போகாம இருக்க வேற இடங்கள்லயும் ஈடுகட்டற மாற்றங்கள் இருக்கு. உலகத்துல பாதிப் பேர் வயித்துல பல வருஷம் சத்தமில்லாம இருக்குன்னா அதுல இதுக்கும் பங்கு உண்டு.

அதுக்கு மேல ஃப்ளாஜெல்லாவைச் சுத்தி வெளிச்சவ்வோட தொடர்ச்சியா ஒரு உறை, அதுவும் ஆசிட்ல இழை சிதையாம காக்குதுன்னு சொல்றாங்க. அப்புறம் ஃப்ளாஜெல்லின் மேல சூடமினிக் ஆசிட்ங்கற சர்க்கரை ஒட்டணும், ஒட்டலைன்னா இழையே உருவாகாது. அந்த சர்க்கரையைச் செய்யற என்சைம்கள் மனுஷ உடம்புல கிடையாது, அதனால அதைத் தடுக்கற மருந்து தேடறவங்க இருக்காங்க. எனக்கு இதுல உண்மையாவே நம்பிக்கை இருக்கு, ஏன்னா பைலோரிக்குக் குடுக்கற ஆன்டிபயாட்டிக் க்ளாரித்ரோமைசினுக்கு எதிர்ப்பு நாளுக்கு நாள் கூடுது, கொல்லாம வெறும் நீச்சலை மட்டும் நிறுத்தினாலே சளியே அதை வெளிய தள்ளிடும்.

இரைப்பை_மருத்துவர்

கேக்க நல்லா இருக்கு, ஆனா பேஷன்ட் யாராவது படிச்சிட்டு குழம்பிடக்கூடாது. இன்னிக்கு தேதிக்கு நீச்சலைத் தடுக்கற மருந்து எதுவும் சிகிச்சையில இல்ல. பிபிஐ-யோட ரெண்டு மூணு மருந்து சேர்த்து, பெரும்பாலும் 14 நாள், ஒரு வேளைகூட விடாம முடிக்கறதுதான் சிகிச்சை. பாதியில விடறதுதான் எதிர்ப்பு வளர்றதுக்கு ஒரு காரணம். 1994-லயே இதை முதல் வகை புற்றுநோய்க் காரணின்னு உலக சுகாதார அமைப்போட ஏஜென்சி வகைப்படுத்தியாச்சு, சாதாரணமா எடுத்துக்காதீங்க.

நீங்க சொன்ன "சளியே வெளிய தள்ளிடும்"ல எனக்கு ஒரு மறுப்பும் உண்டு. இது சளியில மட்டும் இல்ல, வயித்துச் சுவர்ல இருக்கற சுரப்பிகளோட குழிக்குள்ளயும் போய் உக்காருது. எலியில பாத்த ஆய்வுல ஒரு சுரப்பிக்குள்ள முதல்ல போன ஒண்ணு ரெண்டு பாக்டீரியாவோட வம்சமே அங்க பெருகி, பின்னால வர்ற மத்ததுக்கு இடம் குடுக்கல. சுரப்பிக்குள்ள போறதுக்குத்தான் கீமோடாக்ஸிஸ் அவசியம், போன பிறகு மருந்து குடுத்து நீச்சலை நிறுத்தினா உடனே வெளிய வந்துடுமா? தொற்று ஆரம்பிக்கறதைத் தடுக்க உதவலாம், ஏற்கனவே இருக்கறவங்களுக்கு அது மட்டும் போதாதுன்னுதான் என் கருத்து.

நோய்_எதிர்ப்பு

நியாயமான மறுப்பு டாக்டர். ஆன்டிபயாட்டிக்கோட சேர்த்துக் குடுக்கற துணை மருந்தா இருக்கணும்னுதான் நானும் சொல்ல வர்றேன். சுரப்பிக்குள்ள இருக்கறது வேற சுரப்பிக்குப் பரவறதையாவது நிறுத்தும்.

மைக்ரோ_கயல்

படிச்சு முடிக்கவே ஒரு மணி நேரம் ஆச்சு, எல்லாத்தையும் நோட்ல எழுதிட்டேன். கடைசியா ஒண்ணு, ப்ராஜெக்ட்லயும் இதையே தொடரலாம்னு ஆசை. ஒரு ம்யூட்டன்ட் (ஒரு ஜீன் கெட்டுப்போன ஸ்ட்ரெயின்) நீந்தலைன்னா அதுக்கு ஃப்ளாஜெல்லாவே இல்லையா, இல்ல இருந்தும் சுத்தலையா, இல்ல சுத்தியும் திசை தெரியலையான்னு எப்படிப் பிரிச்சுப் பாக்கறது அக்கா?

பெட்ரி_தட்டு

சாஃப்ட் அகார்ல குத்தி வெச்சா வட்டமா பரவுதான்னு பாக்கறதுதான் முதல் படி, அகார் ரொம்பக் கம்மியா, 0.3-0.4 சதவீதம் போதும், ஆக்ஸிஜன் 5 சதவீதம் கிட்ட இருக்கணும், நாலஞ்சு நாள் ஆகும், அவசரப்படாதே. ஆனா மூணு வகை ம்யூட்டன்ட்டும் அதுல ஒரே மாதிரி சின்ன வட்டமாத்தான் நிக்கும், அதனால அதோட முடிவு சொல்லிடக்கூடாது. அடுத்து புது கல்ச்சர்ல இருந்து ஒரு சொட்டு எடுத்து ஃபேஸ் கான்ட்ராஸ்ட்ல பாரு. நீந்துது ஆனா அகார்ல பரவலைன்னா கீமோடாக்ஸிஸ் பக்கம் தேடு, செ-ஏ ம்யூட்டன்ட் அப்படித்தான் இருக்கும். நீந்தவே இல்லைன்னா எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப். இழை இருந்தா மோட்டார் பக்கம், மோட்-பி ம்யூட்டன்ட் அதுக்கு நல்ல உதாரணம், இழை முழுசா இருக்கும் சுத்தாது, எலியில அதை வெச்சுத்தான் இழை இருந்தா மட்டும் போதாது சுத்தணும்னு 2002-ல நிரூபிச்சாங்க. இழை இல்லாம வெறும் ஹுக் மட்டும் நீளமா தொங்கினா ஃப்ளி-கே மாதிரி, ஹுக் முடிஞ்ச செய்தி போகாத கேஸ். எதுவுமே இல்லைன்னா முதல் வகுப்பு ஜீன், இல்ல சிக்மா 54 பக்கம்.

சாம்பிளை வேகமா சென்ட்ரிஃப்யூஜ் பண்ணாதே, பிப்பெட்டோட நுனியை வெட்டிட்டு மெதுவா எடு, இழை உடைஞ்சு போயிட்டா இல்லாததையும் இருக்கறதையும் பிரிக்கவே முடியாது. ஜீனைத் திரும்ப வெச்சு நீச்சல் திரும்புதான்னு பாக்கறதையும் விட்டுடாதே. அப்புறம் ஃப்ளி-பி சீக்வென்ஸ், அதை முதல் நாளே அனுப்பிடு.